சுவிட்ச் எழுதியதும் நான் படித்ததும்

கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சைப் பழுது பார்க்கிறவனுக்குப் பாதி வேலை, அந்தப் பெட்டி தனக்குள் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பை, அதாவது லாக்கை, படிப்பதுதான். கேபிள் பையோடு பஸ் ஏறிய உங்களுக்கும் இனிச் சொல்லப்போவதெல்லாம் நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொன்னதில்லை.

விசிறி

மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனி. லாக் முழுக்க 'ஃபேன் ஃபெயில்' என்றே இருந்தது. காதை வைத்துப் பார்த்தேன், விசிறி ஓடும் சத்தம் கேட்டது. "சும்மா வர்ற மெசேஜ்" என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தேன். உள்ளே இரண்டு விசிறி உண்டென்று தெரியாது. நாலாம் நாள் பெட்டி சூடேறி நின்றது. மேனேஜர் மூடியைக் கழற்றி, நின்றுபோன விசிறியைக் காட்டினார். "அது பாவம், கத்திக்கிட்டே இருந்திருக்கு. நீங்க அது வாயப் பொத்திட்டுல்ல போனீங்க."

மூன்றாம் போர்ட்

இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் பரீட்சை நாள். 'லூப், மூன்றாம் போர்ட் மூடப்பட்டது' என்றது லாக்; போர்ட் என்றால் கேபிள் சொருகும் துளை. ஏன் மூடியது என்று யோசிக்காமல் பாதுகாப்பை நிறுத்திவிட்டுத் திறந்தேன். மொத்த லேபும் உறைந்தது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கடியில் ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் சொருகியிருந்தன. அதுதான் லூப்: போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. கூட்டுகிற முனியம்மா சொன்னார்: "காலத் தடுக்குச்சுன்னு நாந்தான் சொருகி வச்சேன். படிச்சவுக நீங்க, குனிஞ்சு பாத்திருக்கலாம்ல?"

பத்தேகால்

இது இராமேஸ்வரம் லாட்ஜில். முந்தின நாள் எடுத்த முன்பதிவு சில சர்வரில் ஏறவில்லை. யாத்திரை வந்த குடும்பங்கள் அறையில்லாமல் வாசலில் நின்றன. ஐந்தாம் போர்ட்டில், வரவேற்புக் கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள் கழன்று கிடந்தது. லாக்கில் 'லிங்க் டவுன், 10:15', அதாவது இணைப்பு அறுந்த நேரம்.

"நேத்துக் காலையில பத்தேகாலுக்கு யாரு டூட்டி?" என்றேன். வரவேற்பில் இருந்த ஸ்டெல்லா, தங்கச்சிமடத்துப் பெண், எழுந்தாள். "நான் கேபிளத் தொடவே இல்ல சார்." எல்லார் முன்னாலும் சொன்னேன், மெஷின் பொய் சொல்லாது என்று. முதலாளி அவளைத் துணி மடிக்க அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து வேறு வேலைக்காகக் கையேட்டைப் புரட்டியபோதுதான் புரிந்தது. கடிகாரம் வைக்காத சுவிட்ச், கரண்ட் வந்ததிலிருந்து ஓடிய நேரத்தைத்தான் எழுதும். கேபிள் கழன்ற அன்று, இரவு போன கரண்ட் திரும்ப வந்தது காலை ஆறு மணிக்கு. அப்படியானால் கேபிள் கழன்றது மாலை நாலேகாலுக்கு. அந்த நேரம் பிரிண்டர் மாட்ட வந்து, கேபிளைக் கழற்றிச் சரியாகச் சொருகாமல் போனவன் நான்தான்.

வெட்கத்தில் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அவர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். கையில் மடித்த போர்வையோடு வந்து, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இன்னைக்குக் கதவச் சாத்திட்டுச் சொல்றீங்க. வெளிய வந்து ஒருக்காச் சொல்லுங்க சார்."

போய்ச் சொன்னேன்.

அந்தப் பெட்டிகள் ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை. படிக்க என்னை அனுப்பியதுதான் கோளாறு.