சுவரைப் பார்த்த ஜன்னல்

தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, அடுப்படியில் புழுக்கமாக இருக்கிறதென்று, ஜன்னல் திண்டில் இருந்த உப்பு ஜாடியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். கதவு பாதி தூரம் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் மோதி நின்றது.

"மாமா, சுவத்தப் பாக்குறதுக்கா ஜன்னல் வச்சீங்க? எந்த இன்ஜினியரு இது?"

பாப்பா, நீயும் சேர்ந்து சிரித்தாய். தம்பி அதைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினான். உங்கள் அம்மா உப்பு ஜாடியை எடுத்துப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அந்த இன்ஜினியர் நான்தான். பத்தாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டவன். ஆனாலும் சுவரைப் பார்க்க ஜன்னல் வைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வைத்தபோது அங்கே சுவர் இல்லை; அது உனக்கும் தம்பிக்கும் தெரியும். ஏன் அந்தப் பக்கம் வைத்தோம் என்பதைச் சிரித்து முடித்த பிறகாவது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுங்கள்.

இதை எழுதும்போது பக்கத்து வீட்டில் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு வயது குறைந்துவிடும். கீழராஜ வீதிப் பெயின்ட் கடையில் நான் வேலை பார்த்த காலத்தில் சட்டை, சாப்பாடு, ஏன் கையில் எடுக்கிற திருநீறுகூட டர்பன்டைன் வாடைதான் அடிக்கும். அப்போது எங்கள் கடையில் அதிகம் போன சரக்கு மஞ்சள் பெயின்ட். யாரும் வீட்டுக்கு அடிக்க வாங்கவில்லை. பிளாட் போடுகிறவர்கள் கல்லுக்கு அடிக்க வாங்கினார்கள். காட்டை வெட்டி, கல்லை ஊன்றி, மஞ்சள் அடித்துவிட்டால் அது நகர். தைலமரக் காடாக இருந்தால் ஏழைகளுக்கு விறகு. அதையே மஞ்சள் கல் நட்டுக் காட்டினால் நடுத்தர வர்க்கத்துக்குக் கனவு. டப்பா டப்பாவாக அந்தக் கனவை விற்றுக்கொண்டிருந்தவன், கடைசியில் நானே போய் ஒரு கல்லை வாங்கினேன். அல்வாக் கடைக்காரன் காசு கொடுத்து அல்வா வாங்கின கதை.

வாங்காமல் என்ன செய்வது? அப்போது டவுனில் வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிப்பதற்கு வீட்டுக்கார அம்மாவிடம் மனுப் போட வேண்டும். அவரும் பரிசீலித்து, "பழைய ஆணி ஒண்ணு இருக்குல்ல, அதுலயே மாட்டுங்க" என்று தீர்ப்புச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாட் பார்க்க வேன் போகிறது, சாப்பாடு இலவசம் என்றார்கள். போனோம். கீரனூர் ரோட்டில் போய், உள்ளே திரும்பி, வேனில் இருந்தவர்கள் எல்லாம் 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்டுச் சலித்து, கேட்பதையே நிறுத்திய பிறகு வந்தது நகர். செம்மண். வெட்டின தைலமரக் கட்டைகள். நாலு மூலையிலும் கலர் கொடி. ஒரு கருவேல மரத்தடியில் 'பூங்கா' என்று போர்டு. பூங்காவை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஏஜெண்ட் வெள்ளைச் சட்டையும் கூலிங்கிளாஸுமாக நின்று, "சார், இங்கிட்டு காலேஜு வருது. அங்கிட்டு ஆஸ்பத்திரி வருது. ஏர்போர்ட்டு பக்கத்துலதான்" என்றார். அவர் நேரம், அந்த நிமிஷம் பார்த்துத் திருச்சிக்கு இறங்குகிற விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. வேனில் வந்த கூட்டமே கைதட்டியது. ஏதோ அந்த விமானத்தை அவரே வரவழைத்த மாதிரி. பிரியாணியைத் தின்ற கை காய்வதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். உங்கள் அம்மாவுக்கு ஒரு குங்குமச் சிமிழ் கொடுத்தார்கள். அவ்வளவு விலையுள்ள குங்குமச் சிமிழ் மகாராஜா வீட்டில்கூட இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் பிளாட்டைப் பார்க்கப் போவது என்று ஆகிவிட்டது. கல்லைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி கல்லைத் தொட்டுப் பார்ப்போம். ஆடு உரசி அது சாய்ந்திருந்தால் மனசு பதறிவிடும். எங்களை மாதிரியே மற்ற பிளாட்காரர்களும் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். பூங்கா போர்டு நிழலில் எல்லாரும் உட்கார்ந்து தின்போம். ஊறுகாய் இங்கிருந்து அங்கே போகும். அவித்த முட்டை அங்கிருந்து இங்கே வரும். வீடே இல்லாத அந்த நகரில் அவ்வளவு அக்கம்பக்கம்.

எங்களுக்கு அடுத்த பிளாட் மணமேல்குடிக்காரர் ஒருவருடையது. கருவாட்டு வியாபாரம். அவர் சம்சாரம் பெயர் ராசாத்தி. உங்கள் அம்மாவும் ராசாத்தியும் முதல் ஞாயிறு பெயரைக் கேட்டுக்கொண்டார்கள். மறு ஞாயிறு ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதுதான். பிளாட், பட்டா, ஏர்போர்ட் எல்லாம் எனக்கு வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை மகாசபையில் ஆண்கள் பேசுவது ஒரே பேச்சுத்தான்: "யாராச்சும் ஒருத்தர் மொதல்ல கட்டிட்டாப் போதும். மத்தவுக கடகடன்னு கட்டிருவோம்." சொல்லிவிட்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள்.

"தம்பி, நீங்க ஆரம்பிங்க. ஒங்க பின்னாடியே தைப் பொறந்ததும் நாங்க அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிருவோம்" என்றார் மணமேல்குடி அண்ணன். என் சம்பளத்துக்குக் கடன் கொடுக்கக்கூட ஒரு சொசைட்டி இருந்தது பாருங்கள், அதுதான் கிரகம். ஆரம்பித்தேன்.

கொத்தனார் கயிறு கட்டும்போது, "அடுப்படிய அக்கினி மூலையிலதான் போடணும்" என்றார். உங்கள் அம்மா, "வேணாம். ராசாத்தியக்கா பக்கம் போடுங்க" என்றாள்.

"வாஸ்து இடிக்குமேத்தா."

"இடிச்சா ராசாத்தியக்கா பாத்துக்கிரும்."

இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். இரண்டு வீட்டு அடுப்படியும் எதிரெதிரே வர வேண்டும்; ஜன்னலுக்கு ஜன்னல் நேராக இருக்க வேண்டும். மஞ்சள் கல்லுக்கு இங்கிட்டு அம்மா நின்றாள், அங்கிட்டு ராசாத்தி நின்றார். ஒரு டம்ளரைக் கொடுத்து வாங்கி, கை எட்டுகிறதா என்று பார்த்தார்கள். "இன்னுங் கொஞ்சம் தள்ளிக்க. ஆங், இப்பச் சரி" என்றார் ராசாத்தி. அவர்கள் கை எட்டின இடத்தில் கொத்தனார் குச்சி அடித்தார். மாப்பிள்ளை கேட்ட இன்ஜினியரிங் இதுதான்.

பால் காய்ச்சின அன்றைக்கு நகரே திரண்டு வந்தது. எனக்கு மாலை போட்டார்கள். ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் பரிசு. இந்தக் காட்டில் எங்களுக்கு நேரம் போகாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும் போல. சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு வேன் ஏறிப் போனார்கள். அன்று சாயங்காலம் நகரில் நாங்கள் மட்டும் இருந்தோம். நீ எனக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு ஒரு பக்கம் என்று மாறி மாறி ஒட்டிக்கொண்டாய் பாப்பா. தம்பி அப்போது வயிற்றில்.

மறு ஞாயிறு ஏஜெண்ட் புது வேனோடு வந்தார். நேரே நம் வாசலில் நிறுத்தி, "பாருங்க சார், ஃபேமிலி எல்லாம் குடிவந்தாச்சு!" என்றார். ஃபேமிலி எல்லாம் என்றால் நாங்கள். அம்மா எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். வாராவாரம் கொடுத்தாள். "அக்கா, ஞாயித்துக்கெழம மட்டும் கொடியில துணி கொஞ்சம் கூடக் காயப் போடுங்க. பாக்க நல்லாருக்கும்" என்று ஏஜெண்ட் கேட்டுக்கொண்டார். விளையாடத் துணையில்லாமல் நீ வாசற்படியில் அழுது முடித்து உட்கார்ந்திருந்தபோது உன்னைப் போட்டோ எடுத்து, நோட்டீஸில் போட்டார். கீழே, 'குழந்தைகள் ஓடி விளையாட ஏற்ற இடம்'. ஓடலாம்தான். எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒருத்தர் மேலும் மோத மாட்டாய்.

தை பிறந்தது. மாசி பிறந்தது. கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மா ஜன்னல் வழியாகக் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "என்னங்க, இந்தத் தைக்கு இல்லாட்டி அடுத்த தைக்குத் தோண்டிருவாக" என்பாள். நானும் தலையாட்டுவேன். தை எல்லா வருஷமும் தவறாமல் பிறந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் விலை ஏறியது. சொன்னபடியே ஏறியது. நம் வீட்டு லைட்டும், கொடியில் கிடந்த என் லுங்கியும் சேர்ந்து அந்தக் காட்டின் விலையை ஏற்றிவிட்டன. பிளாட்காரர்கள் வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒவ்வொருத்தராக விற்றார்கள்.

ஒருநாள் ராசாத்தி, அவர் வீட்டுக்காரர், ஏஜெண்ட் மூவரும் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார்கள். அம்மா பூமி பூஜை என்று நினைத்துக்கொண்டாள். ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீரும் மஞ்சளும் எடுத்து வந்தாள். நான்தான் ஏஜெண்ட் கையில் இருந்த பத்திரப் பையைப் பார்த்தேன்.

"எல்லாம் ஒங்க புண்ணியந்தான் தம்பி" என்றார் மணமேல்குடி அண்ணன். "நீங்க கட்டுனதாலதான் இந்த வெல போச்சு. பெரியவ கலியாணம் இதுலயே முடிஞ்சிரும்."

 பெண் கல்யாணத்தை எதிர்த்து யார் என்ன பேச முடியும்? "சந்தோசம்ண்ணே" என்றேன். அம்மா மஞ்சளைச் செம்புக்குப் பின்னால் மறைத்தாள்.

ராசாத்தி வீட்டுக்குள் வரவில்லை. சுற்றிப் போய்த் தன் பிளாட்டில் நின்று, ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏத்தா! கொஞ்சம் உப்புக் குடு."

அம்மா அடுப்படிக்குப் போனாள். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் அல்லவா? அதனால் ஒரு சின்னக் கிண்ணியில் போட்டு நீட்டினாள். ராசாத்தி அங்கிருந்து கையை நீட்டினார். எட்டியது. கொத்தனார் குச்சி அடித்த அளவு அப்படியே சரியாக இருந்தது.

"கிண்ணிய நாளைக்குத் தாரேன்" என்றார் ராசாத்தி.

"மெதுவாக் குடுங்கக்கா, இப்ப என்ன அவசரம்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் அழவில்லை. வேன் போன பிறகு அம்மா எனக்குப் போட்ட காப்பியில் சர்க்கரை இல்லை. அப்படியே குடித்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பிளாட் கைமாறிக்கொண்டே இருந்தது. திருவரங்குளம் பக்கத்துக்காரர் ஒருவர் வாங்கினார். சிங்கப்பூரில் இருந்தவர் ஒருவர், நேரில் பார்க்காமலே வாங்கி நேரில் பார்க்காமலே விற்றார். வந்தவர்கள் நம் குழாயில் முகம் கழுவி, ஜன்னல் வழியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்து, "நல்ல எடங்க. கட்டுறதாத்தான் இருக்கோம்" என்றார்கள். அம்மா ஒவ்வொருவர் சம்சாரத்தையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துக்கொள்வாள். முதலீட்டுக்கு அடுப்படி தேவையில்லை என்பது அவளுக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று.

நீங்கள் படிக்கப் போய், வேலைக்குப் போன பிறகு ஊரே இங்கே நகர்ந்து வந்துவிட்டது. டவுன் பஸ் வருகிறது. நாலு தெரு தள்ளி சூப்பர் மார்க்கெட். போன வருஷம் பக்கத்துப் பிளாட்டிலும் நிஜமாகவே வானம் தோண்டினார்கள். அம்மா அன்று காலை இரண்டு தடவை ஜன்னல் கம்பியைத் துடைத்தாள்.

அவர்கள் எல்லைக் கல் வரைக்கும் இடம் விடாமல் சுவர் எழுப்பினார்கள். கேட்டேன். "எங்க எடத்துலதான சார் கட்டுறோம்" என்றார் வீட்டுக்காரர், ரொம்ப மரியாதையாக. ஜன்னல் மட்டத்துக்கு வேலை வந்த அன்று கொத்தனார்களுக்கு அம்மா ஜன்னல் வழியாக டீ கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை நீட்டின ஆள், "அக்கா, நாளைக்கு வாசப் பக்கம் வந்து வாங்கிக்கிறோம். இங்கிட்டு அடைச்சிரும்" என்றார்.

அடைத்துவிட்டது. இப்போது நம் நகரில் காலி பிளாட் இல்லை. எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், கேமரா இருக்கிறது, 'நாய் ஜாக்கிரதை' இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கார் நம்பர் எனக்கு மனப்பாடம், பெயர் தெரியாது. பூங்கா போர்டு நின்ற இடத்தில் ட்ரான்ஸ்பார்மர். மஞ்சள் கல் ஒன்றுகூட மேலே தெரியவில்லை. நமக்கும் ராசாத்திக்கும் நடுவில் இருந்த கல் அந்தச் சுவருக்கு அடியில் கிடக்கிறது. ஊறுகாய் போய் முட்டை வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று ஏஜெண்டைக் கேட்கலாம். அவர் இப்போது வேறு காட்டில் விமானம் காட்டிக்கொண்டிருப்பார்.

வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் உங்கள் பக்கமாக ஃபிளாட் வாங்கலாம் என்று தம்பி சொல்கிறான். பார்க்க வந்த புரோக்கரும் நல்ல விலை போகும் என்றார். அடுப்படி மூலையும், அந்த ஜன்னலும்தான் குறையாம். "ஜன்னல அடைச்சுப் பூசிட்டா இன்னும் கூடப் போகும்மா. எதுக்குச் சும்மா கெடக்கு?" என்றார்.

உங்கள் அம்மா உப்பு ஜாடியைத் திண்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

"இருக்கட்டும். ராசாத்தியக்கா கிண்ணி குடுக்கணும்" என்றாள்.