ஒதுங்கவும்

மழைக்கு ஒதுங்குவதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியதில்லை. அந்தச் சொல் என் பேனாவில் வருவதில்லை.

அறுபதுகளில், செம்பூருக்கு அப்பால் ஒரு அணு உலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். வேலிக்கு வெளியே, கட்டட வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களின் குடிசைகள். விபத்து நேர்ந்து சைரன் ஒலித்தால் அவர்கள் வீட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ள வேண்டும். காற்று மேலே படக் கூடாது. ஆங்கிலத்தில் இருந்த இந்த அறிவிப்பைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. கவிதை எழுதுகிறவனாயிற்றே!

'வீட்டுக்குள் போங்கள்' என்பது எனக்கு மொட்டையாகப் பட்டது. 'சங்கொலி கேட்டதும் யாவரும் ஒதுங்கவும்' என்று எழுதினேன். என்ன ஓசை! அதைத் தகரப் பலகையில் எழுதி வேலியில் மாட்டினார்கள்.

குடிசைகளுக்குப் போய் உரக்கப் படித்தேன். ஜல்லி சுமக்கும் ஒரு பெண், சைரனைப் பம்பாய் வழக்கில் போங்கா என்று சொல்லிக் கேட்டாள்: "போங்கா ஊதுனா ஒதுங்கணுமா? அதுக்குப் போங்கா எதுக்கு சாமி, காலையில தன்னால வருமே!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் புரிந்தது என்றுதானே அர்த்தம்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'விளக்கப்பட்டது' என்று படிவத்தில் டைப் அடித்தேன்.

ஒத்திகையைப் பார்க்க மேற்பார்வைக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சைரன் ஊதியது. குடிசைகள் மொத்தமும் காலியாகின. இடுப்பில் குழந்தைகளோடு அத்தனை பேரும் கழிமுகச் சேற்றோரம் போய், முகத்தில் காற்று அறைய, வரிசையாக நின்றார்கள்.

அதே பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒதுங்கிட்டோம் சாமி. எங்கள ஒதுங்குன்னு சொல்லுதவுக எல்லாம் வெளிய போவத்தானே சொல்லுதாவ. சரியா நின்னோமா?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் தமிழ் தெரியாத அதிகாரி.

"படிப்பில்லாதவர்கள் சார். சொன்னது புரியவில்லை."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு மூன்று கார்பன் நகல்களோடு நானே அதை டைப் அடித்தேன்.

அவர் ஜீப்பில் ஏறியதும் அவள் கிட்டே வந்தாள். "பெரியவரு என்ன எழுதுனாவ?"

"நன்னா நின்னேள்னு எழுதியிருக்கார்."

முகம் மலர்ந்து மற்றவர்களிடம் சொல்ல ஓடினாள். நிஜமாகவே சைரன் ஊதினாலும் இனி அங்கேதான் போய் நிற்பார்கள். மறுநாளே போய்த் திருத்தியிருக்கலாம். திருத்தினால் பிழை யாருடையது என்று தெரிந்துவிடும்.

வேறு வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேலியில் அந்தத் தகரப் பலகை அப்படியே இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.