நான் அனுப்பிய அடப்பங்கொடி

ஆப்பிரிக்காவில் அடப்பங்கொடியைப் படரவிட்டது நான்தான் என்று மூன்றாம் வகுப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோட்டைக்குப்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

எல்லாம் மாமா செய்த வேலை. அம்மாவுக்குத் தம்பி, எங்கள் குப்பத்திலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன முதல் ஆள். வலை இழுத்த பயல் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான், சீக்கிரமே ஓடிவந்துவிடுவான் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என்னை மணல்மேட்டுக்குத் தூக்கிப்போனார். ஆட்டுக்குளம்பு மாதிரி இலையும் ஊதாப்பூவுமாக அங்கே அடப்பங்கொடி படர்ந்து கிடக்கும். காய்ந்த காய் ஒன்றை உடைத்து, ரோமம் மூடிய பழுப்பு விதைகளை என் கையில் கொட்டினார்.

“இது தண்ணில முழுவாது பாப்பா. நீ இங்க போடு, நான் போற ஊருக்கு வந்து சேந்துரும். பாத்துட்டு சொல்றேன்.”

அழுகை நின்றுவிட்டது. எனக்குத்தான் வேலை வந்துவிட்டதே. குப்பத்தை ஒட்டிய ஏரியின் தண்ணீர் கடலுக்கு வடியும் நேரமாகப் பார்த்து, முகத்துவாரத்தில் கைநிறைய விதை போடுவேன். கொடியைப் பிடுங்கினால் நைனாவிடம் அடி விழும். வீட்டு முன்னால் மணலைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். அதனால் காய்களை மட்டும் பறிப்பேன்.

மாதங்கள் போயின. “மீனு துன்னுட்ருக்குமாம்மா?” என்று அம்மாவை அரித்தெடுத்தேன். அம்மாவுக்கு வேறு கவலை. மாமா போனில் பேசுவதே குறைந்துபோயிருந்தது.

ஒருநாள் அம்மாவின் போனுக்குப் படம் வந்தது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு கடற்கரை. மணல், அதே குளம்பு இலை, அதே ஊதாப்பூ. கூடவே மாமாவின் குரல்: “பாப்பா, உன் கொடி எனக்கு முன்னாடியே வந்து பூத்துக்கினு கீது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அம்மாவின் போனோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். டீச்சர் படத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகவே சொன்னார். சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை எல்லாம் இதன் சொந்தங்கள்தானாம். சர்க்கரைவள்ளியை அமெரிக்கப் பக்கத்திலிருந்து மனிதர்கள் கொண்டுவந்தார்களாம். அடப்பங்கொடி மட்டும் யாருக்கும் காத்திராமல், எங்கள் குப்பம் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பே மிதந்து போய்க் கண்டங்களைப் பிடித்துவிட்டதாம். எனக்குத் தோதான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். சர்க்கரைவள்ளி விளைகிற காட்டூரிலிருந்து வந்த பையனிடம், “உங்க சர்க்கரவள்ளிய தூக்கினு வர ஆள் வேணும், எங்குளுது தானா போவும்” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மீதிப் பாதியை, டீச்சருக்கு விவரம் பத்தாது என்று தள்ளிவிட்டேன்.

இன்று கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் என் பெருமை ஒரு பிடி கூடக் குறையவில்லை. காலில் மிதிபடுகிற எங்கள் ஊர்க் கொடி, வெறும் உப்புத் தண்ணீரை நம்பி உலகம் சுற்றியிருக்கிறது என்றால் சும்மாவா?

மாமாவும் சளைத்தவரில்லை. இன்னும் கப்பலில்தான் இருக்கிறார். எங்கள் குப்பத்துப் பையன்கள் நாலைந்து பேர் அவர் பின்னாலேயே போயிருக்கிறார்கள். போன விடுமுறையில்தான் அந்தப் படத்தின் கதையைச் சொன்னார். அன்று இனி முடியாது, ஊருக்கே போய்விடலாம் என்று பையைக் கட்டிக்கொண்டு கப்பலைவிட்டு இறங்கியவராம். கரையில் இந்தப் பூவைப் பார்த்ததும் கால் நகரவில்லையாம். பக்கத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கப்பலேறினாராம். அம்மாவிடம் மட்டும் அன்றே சொல்லியிருக்கிறார்.

படம் வந்த அன்று அம்மா போனை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். என் விதைகள் போய்ச்சேர்ந்த சந்தோஷம்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “அழாதம்மா, நாளைக்கு இன்னும் நெறைய போட்றேன்” என்றேன்.