மரக்கறித் துண்டுக்கு ஒரு மல்யுத்தம்

எல்லார் கையிலயும் போன் இருக்கிற காலத்துல பழைய டிவி கேம் விக்கிறவனுக்குப் பொறுமை வேணும். எனக்கு அது கிடையாது. ஹட்டன்ல கடை வச்சு, கத்திக் கத்தியே முன்னுக்கு வந்தவன் நான். நீங்களும் கடைக்காரரா இருந்தா என் வயித்தெரிச்சல் புரியும்.

பேரம்

மல்யுத்த கேம் கசட் ஒண்ணுதான் கையிருப்பு. அதுல சண்டை போடுறவனுங்களுக்கு மூஞ்சியே சதுரமா இருக்கும். அதைக் கேட்டு மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து ராசுவும் தம்பி மருதுவும் வந்தாங்க. அவங்க இருக்கிற லயத்து வீட்டுக்குப் பின்னால, அப்பா விட்டுட்டுப் போன மரக்கறி போடுற துண்டு நிலம் யாருக்குன்னு ரொம்ப நாளா அடிதடி. கையால அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனது போதும், இனி டிவியில அடிச்சு ஜெயிக்கிறவனுக்கே துண்டுன்னு பேச்சாம். விலையைக் குறைக்கச் சொல்லி ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடுங்கி எடுத்தாங்க. "ஒருத்தனோட ஒருத்தன் பேசாதவனுங்க, என்கிட்ட மட்டும் ஜோடியா வர்றீங்களேடா!"ன்னு எரிஞ்சு விழுந்தேன். ராசு சிரிச்சான்.

"பேரம்னு வந்துட்டா நாங்க ஒருதாய்ப் புள்ளைங்க மொதலாளி."

அடுப்பு வாடை

வாங்கிட்டுப் போன கேம் போட்டி நாளன்னிக்குப் பார்த்து ஓடலயாம். ரெண்டு பேரும் வந்துட்டாங்க, கூடவே தங்கச்சி லெச்சுமி. கசட்டை வாங்கினா ஒரே புகை வாடை. மூடுபனிக்கு நனையாம இருக்க உப்பையும் தீப்பெட்டியையும் அடுப்புக்கு மேல வைப்போமில்ல, அங்கேயே இதையும் வச்சிருக்காங்க. உள்ள செம்புக் கம்பியெல்லாம் கரி. "எந்த மடப்பய வச்சான்?"னு கத்தினேன். லெச்சுமி அசையல.

"நான்தான் வச்சேன். தீப்பெட்டிக்குச் சரியான எடம், இது மட்டும் என்ன தொரையா?"

தீர்ப்பு

துடைச்சு, கடை டிவியிலயே போட்டேன். "இங்கேயே முடிச்சுத் தொலைங்க!"ன்னேன். ராசு மருதுவைக் கவுத்துப் போட்டு அமுக்கினான். மருது தாங்காம அண்ணன் சட்டையைப் பிடிச்சான், நிஜச் சட்டையை. என் கண்ணாடி அலுமாரி ஆடிப்போச்சு. ரெண்டு ஜொய்ஸ்டிக்கையும் பிடுங்கிட்டேன்.

"எனக்கும் அவருதானே அப்பா? நானும் ஆடுறேன். ஜெயிச்சா துண்டு எனக்கு"ன்னா லெச்சுமி. பொம்பளப் புள்ளதானேன்னு அண்ணனுங்க சிரிச்சுக்கிட்டே சரின்னாங்க. நான்தான் சாட்சி. டிவியில அவ முதல்ல மருதுவைத் தூக்கி அடிச்சா, பிறகு ராசுவை. எப்படிம்மா பழகினேன்னு அவகிட்ட கேட்டேன்.

"இவங்க வாசல்ல நின்னு சண்டை போட்ட நேரமெல்லாம் உள்ள டிவி சும்மாதானே இருந்துச்சு அண்ணே."

இப்ப அந்தத் துண்டுல விளையிற லீக்ஸ் எல்லாம் லெச்சுமியோடது, மண்வெட்டி பிடிக்கிறது அண்ணனும் தம்பியும், எனக்கு மிச்சம் ஆடுற அலுமாரியும் கட்டிப்போன தொண்டையும்தான்.