பெலிக்ஸ் சார் வைத்த வாய்கள்

பெலிக்ஸ் சார் நேற்று இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்... ஐம்பத்திரண்டு வயதுதான்.

கடலூரில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியில் அவர் கம்ப்யூட்டர் டீச்சர். நான் ரிட்டயர் ஆன பிறகு இருவரும் சேர்ந்து கார்ட்டூனில் கணக்குப் பாடங்கள் செய்தோம். ஓர் அணில் என் குரலில் பாடம் நடத்தும்.

முதலில் அவர் மகள் ஷீபாவுக்காகத்தான் தொடங்கினோம். ஏழாவது படிக்கிறாள். காது கேட்காது, பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

முதல் பாடத்துக்கு சாஃப்ட்வேரே வாயசைவைப் போட்டுக் கொடுத்தது. எங்களுக்கு ஒரே பெருமை. ஷீபா பார்த்துவிட்டு, "அப்பா, அணிலு என்னா மெல்லுது?" என்றாள்.

அத்தனையையும் அழித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வாயையும் அவரே கையால் வைத்தார்.

'மாமா' என்று சொல்லிப் பாருங்கள், உதடு இரண்டு முறை ஒட்டும். 'காக்கா' என்றால் ஒட்டவே ஒட்டாது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் பார்த்துப் பார்த்து... ஒரு நிமிடப் பாடத்துக்கு ஒரு வாரம் ஆகும்.

அதற்காக நான் பேசுவதை செல்போனில் எடுத்து வைத்துக்கொள்வார். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மீசைய எடுத்துடுறீங்களா? மேலுதடே தெரிய மாட்டேங்குது."

"முப்பது வருஷ மீசை சார். எங்க வீட்டுல கேட்டீங்களா?"

"கேட்டுட்டேன் சார். அக்கா எப்பவோ ஓகே சொல்லிட்டாங்க."

எடுத்தேன். ஆனால் உடனே இல்லை... மூன்று மாதம் இழுத்தடித்தேன். அந்த மூன்று மாதமும் அணில் சும்மா நின்றது.

இன்று சிதம்பரத்தில் அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். ஷீபா என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். கம்ப்யூட்டரில் அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்த பாடம். பின்னங்களைக் கூட்டுவது.

இரண்டு நிமிடம் அணில் பேசியது. பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டது. என் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது... அது அவளுக்குத் தெரியாது.

"அப்புறம் என்னா சார் சொன்னீங்க?"

ஸ்பீக்கரை அணைத்தேன். வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னேன். நடுவில் உதடு கோணிக்கொண்டது.

"புரியல சார். திரும்ப சொல்லுங்க" என்றாள்.

திரும்பச் சொன்னேன்.

முழுப் பாடத்தையும் பார்த்துவிட்டாள், பெலிக்ஸ் சார். போய் வாருங்கள்.