எங்கள் கிணற்றை நான் அளந்த நாள்

ஊருக்கு ஒரு கிணறுதான் கணக்கு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை எங்கே மறிப்பது, எந்த நிலத்தில் நீரைத் தேக்குவது என்று முடிவு செய்யும் வடிநிலத் திட்டத்துக்காக, ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாதிரிக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கோடையில் அளப்போம். சங்கராபுரம் பக்கத்து ஊர்களை அளக்கும் வேலை என்னுடையது. எங்கள் ஊருக்கு எங்கள் கிணற்றையே எழுதிக் கொடுத்தேன். விதிப்படி தவறில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா வெட்டிய கிணறு அரசாங்க வரைபடத்தில் ஒரு புள்ளியாக இருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அண்ணனுக்கு முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையவில்லை. பெண் கொடுக்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். மூன்று இடத்தார் எட்டிப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போய்விட்டார்கள். நைனார்பாளையத்திலிருந்து நான்காவது இடம் வருவதாகத் தகவல் வந்ததும், பக்கத்து நிலத்துப் பெரியப்பாவின் போர்வெல்லிலிருந்து குழாய் போட்டு இரண்டு நாள் எங்கள் கிணற்றுக்குள் தண்ணீர் விட்டார் அப்பா. ஊரில் பலரும் செய்வதுதான். யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை.

எங்கள் ஊர்தானே என்று அதை நான் கடைசியாக வைத்திருந்தேன். பெண் வீட்டார் வந்த நாளுக்கு மறுநாள் படிவங்களை ஒப்படைக்க வேண்டும். நான் அளவு நாடாவை இறக்கியபோது பெண்ணின் அப்பா கிணற்று மேட்டில் நின்றிருந்தார்.

"இன்னாம்மா பண்றே?"

"தண்ணி மட்டம் அளக்கறேங்க. ஆபீசுக்கு."

அப்பா முந்திக்கொண்டார். "எம் பொண்ணுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. அது எழுதறதப் பாருங்க."

பெரியப்பா சிரிக்காமல் சொன்னார்: "சித்திரையிலயே இப்டின்னா, ஐப்பசியில கெணத்துக்கு மூடி போடணுங்க."

அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தரையிலிருந்து நாலு மீட்டர் இருபதிலேயே தண்ணீர். நாடா பொய் சொல்லவில்லை. வெளித் தண்ணீர் விட்டிருந்தால் அதை எழுத, படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு கோடு இழுத்து, எல்லோரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்தினால், மாதிரிக் கிணறே கெட்டுவிட்டது என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். என் படிவங்களில் அதுவரை ஒரு அடித்தல்கூடக் கிடையாது.

கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் வரைபடம் வந்தது. தண்ணீர் குறைந்த ஊர்கள் சிவப்பு, இருக்கிற ஊர்கள் பச்சை. எங்களைச் சுற்றி எல்லாம் சிவப்பு, நாங்கள் மட்டும் பச்சை. எங்கள் ஓடைக்கு வரும் என்று ஊரே காத்திருந்த தடுப்பணை பக்கத்து ஊருக்குப் போனது. கூட்டத்தில் சண்டை போட்டவர்களிடம் அதிகாரி என் படிவத்தை எடுத்துக் காட்டினார். நான் பிறகு தனியாகப் போய் அந்த அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். "இனிமே அடுத்த திட்டத்துலதாம்மா பாக்கணும்" என்றார். அது எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

இரண்டே கோடையில் பெரியப்பாவின் போர்வெல்லும் நின்றது. அண்ணன் காய்ந்த கரும்பை அழித்துவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். ஐந்து மாத வயிற்றோடு அண்ணி தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்குவதைக் கேள்விப்பட்டு அவள் அப்பா வந்தார், கூட்டிப்போக. அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நானும் போனேன்.

"உங்கப்பா பேச்ச நான் நம்பலம்மா," என்றார் அவர். "படிச்ச பொண்ணு, அது அளக்குதேன்னுதான் சரின்னேன்."

அங்கேயே நின்று குழாய் போட்டதைச் சொன்னேன். குறிப்புக் கட்டத்தில் கோடு இழுத்ததையும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"வாம்மா, அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கலாம்," என்று மகளிடம் சொல்லிவிட்டு வெயிலில் நடக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்தபடி அண்ணியும் அவர் பின்னால் போனாள்.