கறை எடுத்த கார்டு

மச்சான் அந்தக் கார்டை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் பபிள்கம் உறைக்குள் வந்த கிரிக்கெட் கார்டு. முன்பக்கம் மட்டையை ஓங்கியபடி ஓர் ஆட்டக்காரர். பின்பக்கம், வகுப்பில் யாரும் அமுக்கிவிடக் கூடாதென்று பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி மச்சானே எழுதிய அவர் பெயர், இனிஷியலோடு. என் அக்காவைக் கட்டி, தலை நரைத்த பிறகும் இந்தக் கார்டு சேர்க்கிற பைத்தியம் அவரை விடவில்லை. அந்த வரிசையில் ஒரே ஒரு கார்டு மட்டும் கிடைக்காமல் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது.

வேலையில் அவர் எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் நடந்தது புரியும். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கடைசிச் செக்கிங் இன்றைக்கும் அவர்தான். அவர் தலையாட்டாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது. அந்தக் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னத் தையல் யூனிட் ஒன்று நான் வைத்திருக்கிறேன். மச்சினன் ஆயிற்றே என்று என் சரக்கை ஒரு தடவையாவது கண்டும் காணாமல் விட்டிருப்பாரா? எண்ணெய்க் கறை எடுத்த இடம் லேசாக வட்டம் கட்டியிருந்தாலும் போதும், சட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிடுவார். கறை எடுக்காமல், இஸ்திரி போடாமல் ஒரு பீஸைச் சரக்கு வாங்க வருகிற பையர் முன்னால் வைப்பது எங்கள் ஊரில் மானக்கேடு. அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

கிடைக்காத அந்தக் கார்டு காங்கேயத்தில் ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. இருவரும் பல வருஷங்களாகக் கார்டு மாற்றிக்கொள்கிறவர்கள். மட்டையை ஓங்கிய அந்த ஆட்டக்காரரின் கார்டை மச்சான் கொடுத்தால் தருவதாக டாக்டர் ஒப்புக்கொண்டார். கிளம்புகிற அன்று காலை நான் காரோடு போய் நின்றபோது மச்சான் கார்டைத் திருப்பிக் காட்டினார். பெயரைக் காணோம். கம்பெனியில் கறை எடுக்கிற மருந்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, மேலே பனியன் துணியைப் போட்டு இஸ்திரியும் போட்டிருக்கிறார்.

"புதுசாட்டம் ஆயிருச்சு பாருங்க மாப்ள."

"டாக்டர்கிட்ட சொல்லிருங்க மச்சான்" என்றேன்.

"கறையோட நீட்டுனா மருவாதியா இருக்குமுங்களா? அதான் எடுத்துட்டனே, எதுக்குச் சொல்லோணும்?"

டாக்டர் காபி கொடுத்து உபசரித்தார். மச்சானுக்கு வேண்டிய கார்டு மேஜை மேல், அவர் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது. மச்சானின் கார்டை வாங்கிக்கொண்டு டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். "இதுல ஒண்ணும் பண்ணலீங்களே?"

"இல்லீங்க" என்றார் மச்சான்.

பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டாக்டர் கார்டை விளக்கடியில் மெல்லச் சாய்த்தார். திருப்பினார். மறுபடியும் சாய்த்தார். காபி டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மருந்து மையைத்தான் எடுத்திருந்தது. பேனா அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. டாக்டர் இனிஷியலில் தொடங்கி, மச்சானின் பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார்.

"அழகா இருக்கட்டுமேன்னுதானுங்க..." என்றார் மச்சான்.

"பேரோட கொண்டாந்திருந்தா வாங்கியிருப்பனுங்க. சின்னப் பையனா இருந்தப்ப எழுதுனதுன்னு சந்தோசமா வெச்சிருப்பேன்."

திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் உள்ளே போய்த் தன் ஆல்பத்தை எடுத்துவந்தார். இத்தனை வருஷங்களில் மச்சான் கொடுத்த கார்டுகளை உறையிலிருந்து உருவி, ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்தார். அவற்றில் எதையும் மச்சான் தொடவில்லை. எனக்குத் தெரியும். "அதுலெல்லாம் ஒண்ணுமே பண்ணலீங்க" என்று மச்சானும் சொன்னார். ஆனால் சற்று முன் "இல்லீங்க" என்ற அதே வாய்தானே? நாள் முழுக்க அடுத்தவன் சரக்கைக் குடைந்து பார்க்கிற மனிதர் கைகளைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். எத்தனையோ நாள் அவரை இப்படி ஒருவன் முன்னால் உட்கார வைத்துப் பார்க்க வேண்டுமென்று கறுவியிருக்கிறேன். பார்த்தபோது தாங்கவில்லை.

கடைசிக் கார்டையும் வைத்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுலயும் குறையில்லீங்க" என்றார். நான் அப்போதுதான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "ஆனா இனி எடுத்துப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தச் சந்தேகம் வருமுங்க. இதையெல்லாம் நீங்களே கொண்டு போயிருங்க. எங்கிட்ட வாங்குனதும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

தன் கார்டை மட்டும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். மற்றதை ஒரு பையில் போட்டு, கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். திருப்பூர் வரும்வரை மச்சான் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

வாசலில் அக்கா காத்திருந்தாள். பையைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்க, ஒரு கார்டுக்குத்தான போனீங்க? இத்தனை குடுத்துட்டாருங்களா!"

செருப்பைக் கழற்றியபடி மச்சான் சொன்னார்: "எல்லாம் நம்மளுதுதான் அம்மிணி."